மயிரிழை அளவும் மாமேதை ஜி.டி.நாயுடுவும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

ஏட்டைப் புரட்டி உலகை அறிந்தவர் பலர். இயந்திரத்தைப் பிரித்து உலகை அறிந்தவர் சிலரே. அந்தச் சிலருள் நம் தமிழ் மண்ணில் முதலிடம் பெறத் தக்கவர் கோவை தந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு, அதாவது ஜி.டி.நாயுடு ஆவார். அவரை இந்தியாவின் எடிசன் என்று சிலர் போற்றினர். விசித்திர மனிதர் என்று வேறு சிலர் வியந்தனர். பள்ளிக்கூடமே போகாத மேதை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் கதை சொல்கின்றனர். இம்மூன்றாவது பேச்சுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. காரணத்தை உரிய இடத்தில் சொல்வேன்.

பெரியோர் வாழ்க்கையை எழுதுவோர் அவர்தம் பட்டங்களையும் பதக்கங்களையும் எண்ணிக் காட்டுவது வழக்கம். நான் அவ்வழியில் செல்லவில்லை. மோட்டார் என்ஜினின் கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு மயிரிழை அளவு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியின் வழியாக நாயுடுவின் வாழ்க்கையை நோக்கலாம் என்று கருதுகிறேன். இது என்ன விந்தை என்று நண்பர்கள் நகைக்க வேண்டா. சற்றே பொறுத்திருந்து படியுங்கள்.

பிறப்பும் இளமையும்

கோவை மாவட்டம் சூலூருக்கு அருகில் கலங்கல் என்பது ஒரு சிற்றூர். அங்கே ஓர் உழவர் குடும்பத்தில் 1893ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 23ஆம் நாள் நாயுடு பிறந்தார். பள்ளிப் பாடத்தில் அவருக்கு நாட்டம் செல்லவில்லை. முறையான படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஆனால் ஆர்வம் நிற்கவில்லை. கையில் கிடைத்ததைப் படிப்பதும் கண்ணில் பட்டதை ஆராய்வதும் அவருடைய இயல்பாக இருந்தன.

அக்காலத்தில் கிராமத்துச் சாலையில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே ஓடின. ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி மட்டும் ஓடுகிறது! அதைக் கண்ட இளைஞர் துரைசாமியின் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றியது. அதே போன்ற வண்டி தமக்கும் வேண்டும் என்பதே அது. வேண்டியது ஏறிச் செல்வதற்காக மட்டுமன்று. அது எப்படி ஓடுகிறது என்று அறிந்து கொள்வதற்காகவும்தான்.

ஊரை விட்டுக் கோவைக்கு வந்தார். ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். வாங்கிய கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். ஏறத்தாழ 300 ரூபாய் சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். அந்நாளில் 300 ரூபாய் என்பது சிறு தொகையன்று. எச்சில் இலை எடுத்தும் தண்ணீர் வைத்தும் சேர்த்த பணம் அது.

வாங்கிய வண்டியில் ஏறி ஊரைச் சுற்றி வலம் வந்தாரா? இல்லை. அதைத் துண்டு துண்டாகப் பிரித்தார். பிரித்தவற்றை மீண்டும் பூட்டினார். இதை அறிந்தோர் பலரும் அவருடைய துணிச்சலைப் பாராட்டுகின்றனர். நான் பாராட்டுவது வேறொன்று. பிரிப்பது எளிது, குறடும் சுத்தியலும் உள்ள எவரும் பிரிக்கலாம். பூட்டுவதுதான் கல்வி. ஒரு திருகு மிஞ்சினாலும் வண்டி ஓடாது. ஒவ்வொரு உறுப்பும் தன் பக்கத்து உறுப்போடு எவ்வளவு நெருங்க வேண்டும், எவ்வளவு விலக வேண்டும் என்பதை அறியாமல் பூட்ட முடியாது. அவ்வகையில் அந்த மோட்டார் சைக்கிளே அவருக்குப் பள்ளியாயிற்று.

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு

அதன் பின் சிறிது காலம் பஞ்சு வாணிகம் செய்தார். அதில் வந்த செல்வம் பம்பாயில் நடந்த பஞ்சு வியாபாரத்தில் கரைந்தது. வெறுங்கையோடு மீண்டும் கோவைக்கு வந்தவருக்கு, அந்நகரில் தொழில் நடத்தி வந்த ஆங்கிலேயர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துணை நின்றார். 1920ஆம் ஆண்டு நாயுடு ஒரு பேருந்து வாங்கினார். அதைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். ஓட்டுநரும் அவரே, முதலாளியும் அவரே. அந்த ஒற்றை வண்டியிலிருந்து யு.எம்.எஸ். என்னும் மாபெரும் பேருந்து நிறுவனம் தழைத்தது.

1920ஆம் ஆண்டின் பேருந்து என்ஜின் எத்தகையது என்பதை நண்பர்கள் அறிதல் நலம். இன்று என்ஜினுக்கு வேண்டிய பேரிங்குகள் கடையில் அட்டைப் பெட்டியில் கிடைக்கின்றன. பிறை வடிவில் வளைந்த மெல்லிய ஓடுகள் அவை. அன்று அவ்வாறில்லை. ஈயம் போல் மென்மையான வெள்ளை உலோகத்தை உருக்கி, பேரிங் இருக்கையில் வார்ப்பார்கள். வெள்ளீயம், ஆண்டிமனி, செம்பு ஆகியவை கலந்த உலோகம் அது. 1839ஆம் ஆண்டு அமெரிக்கப் பொற்கொல்லர் ஐசக் பாபிட் கண்டது; அதனால் பாபிட் உலோகம் என்றும் பெயர். வார்த்தது ஆறிய பின், கிராங்கில் நீலச் சாயம் தடவி அதில் வைத்துச் சுழற்றுவார்கள். எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே மேடு. அந்த மேட்டைச் சுரண்டியால் சுரண்ட வேண்டும். மீண்டும் சாயம், மீண்டும் சுரண்டல். இப்படி ஒரு பேரிங்குக்கே அரை நாள் ஆகும். தேய்மானம் கண்டால் நடுவில் வைத்த மெல்லிய தகடுகளுள் ஒன்றை உருவிவிட்டு மீண்டும் முறுக்குவார்கள்.

பேருந்து நடத்துவோர் பட்டறையையும் தாமே நடத்த வேண்டியிருந்த காலம் அது. சீமையிலிருந்து உதிரிப் பாகம் கப்பலில் வரும்வரை பயணிகள் காத்திருக்க மாட்டார்கள். அத்தகைய என்ஜின்களை நம்பித்தான் நாயுடு தொழிலைத் தொடங்கினார். அவற்றை ஓட வைத்தே உயர்ந்தார். பேருந்து குறித்த நேரத்தில் புறப்பட வேண்டும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பை இன்றும் கோவை மக்கள் நினைவுகூர்கின்றனர். நேரம் தவறாத பேருந்துக்குப் பின்னால் அளவு தவறாத பட்டறை இருந்தாக வேண்டும் என்பதை நாம் மறத்தலாகாது.

மயிரிழை இடைவெளியின் மாண்பு

இனி, நான் சொல்ல வந்த இடைவெளிக்கு வருவோம். என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். அது நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழல்கிறது. இரும்பு உலோகத்தின் மேல் இவ்வளவு விரைவாகச் சுழன்றால் உராய்ந்து உருகிவிடாதா? உருகுவதில்லை. ஏனெனில் அவை இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. கிராங்க் அந்த எண்ணெயின் மேல் மிதக்கிறது என்றால் மிகையாகாது.

இவ்வுண்மையை உலகம் அறிந்த வரலாறு சுவையானது. 1883ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்னும் பொறியாளர் இரயில் அச்சுகளின் உராய்வை ஆராய்ந்து கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போகவில்லை. துளை வழியே மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையால் துளையை அடைத்தார். கட்டையையும் எண்ணெய் மெல்ல வெளியே தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோதுதான், சுழலும் அச்சே எண்ணெயை இழுத்துச் சென்று பேரழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது புலப்பட்டது. இதற்குக் கணித விளக்கம் தந்தவர் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ், ஆண்டு 1886. பாய்ம இயக்கவியலில் ரெனால்ட்ஸ் எண் என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அவரேதான் இவர்.

அச்சு இருக்கையின் நட்டநடுவில் சுழல்வதில்லை. சற்று ஒதுங்கிச் சுழல்கிறது. அதனால் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் உள்ள ஆப்பு வடிவ வழி உண்டாகிறது. அகன்ற பக்கத்தில் நுழையும் எண்ணெய் குறுகிய பக்கத்தில் நெருக்கப்படும்போது அழுத்தம் எழுகிறது. அந்த அழுத்தமே சுமையைத் தாங்குகிறது. ஆகவே இடைவெளி அளவோடு இருந்தால்தான் படலம் நிற்கும். அது மிகக் குறைந்தால் எண்ணெய் நுழைய வழியின்றிச் சூடேறி என்ஜின் இறுகிவிடும். மிக அதிகமானால் எண்ணெய் ஓரங்களில் வழிந்தோடும். எண்ணெய் அழுத்தம் விழும். உலோகம் உலோகத்தை அடிக்கும் ஓசை கேட்கும். அவ்வோசையைக் கேட்ட மாத்திரத்தில் பேரிங் அடித்துவிட்டது என்று நம் ஊர் மெக்கானிக்குகள் சொல்லிவிடுவார்கள்.

எவ்வளவு இடைவெளி சரியானது? அச்சின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால் இடைவெளி ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். மெல்லிய தலைமயிர் ஒன்றின் பருமன்தான் அது. துல்லியமான எல்லையை அந்தந்த என்ஜினின் கையேடு சொல்லும், அதுவே முடிவானது.

இதை அளக்கும் முறையும் கடினமானதன்று. முதலில் அச்சின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டுமன்று, இரு முனைகளிலும், ஒவ்வொரு முனையிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் அளக்க வேண்டும். திசைக்குத் திசை அளவு மாறினால் அச்சு நீள்வட்டமாகத் தேய்ந்துள்ளது. முனைக்கு முனை மாறினால் கூம்பாகத் தேய்ந்துள்ளது. பிறகு புதிய பேரிங் ஓடுகளைத் துடைத்து இருக்கையில் பொருத்தி, மூடியைக் கையேடு குறிக்கும் முறுக்கு விசையில் முறுக்கி, உள்விட்டத்தை அளக்க வேண்டும். உள்விட்டத்திலிருந்து அச்சின் விட்டத்தைக் கழித்தால் வருவதே இடைவெளி.

இன்னொரு வழியும் உண்டு. மெழுகு போன்ற மெல்லிய பிளாஸ்டிக் இழை ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதில் ஒரு துண்டை அச்சின் நீளவாக்கில் வைத்து, மூடியை முறைப்படி முறுக்கி, கிராங்கைச் சற்றும் சுழற்றாமல் மீண்டும் கழற்ற வேண்டும். இழை நசுங்கிப் பட்டையாகி இருக்கும். பட்டையின் அகலத்தை உடன் வரும் அளவுத்தாளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். பட்டை அகலமாக இருந்தால் இடைவெளி குறைவு. குறுகலாக இருந்தால் இடைவெளி அதிகம்.

தேய்ந்த அச்சைக் கடைந்து சீராக்கலாம். எவ்வளவு கடைகிறோமோ அவ்வளவு தடித்த ஓடுகளைப் போட வேண்டும். 0.25, 0.50, 0.75 மில்லிமீட்டர் என்று படிப்படியாக ஓடுகள் விற்கின்றன. அங்குலக் கணக்கில் இவை ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது ஆகும். பட்டறையில் பத்து, இருபது என்று எண்ணைச் சொன்னாலே போதும், புரிந்துகொள்வார்கள்.

ஒரு சாரல் காலம்

இவையெல்லாம் நான் நூலகத்தில் மட்டும் கற்றவையல்ல. என் தந்தையார் வாடகை வேன் ஓட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். குற்றாலத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு ஆண்டில் மூன்று மாதங்களே அறுவடை என்பது நம் கல்லூரியில் பலருக்கும் தெரியும். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் மக்கள் வெள்ளம். தென்காசி இரயில் நிலையத்திலிருந்தும், செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்திலிருந்தும் வருவோரை ஏற்றி இறக்குவதில்தான் எங்கள் ஆண்டுக் கடன் அடையும்.

நான் முதலாண்டில் சேர இருந்த ஆண்டு, சீசனுக்கு முன்பே என்ஜினைப் புதுப்பித்து விடலாம் என்று அப்பா கடன் வாங்கி ஒரு பட்டறையில் வேனை விட்டார். புதிய பேரிங் போட்டாயிற்று என்று சொல்லி வண்டியைத் தந்தார்கள். சீசன் தொடங்கி ஒன்பதாம் நாள், புளியரை மலைச் சாலையின் எஸ் வளைவில் ஏறும்போது எண்ணெய் விளக்கு எரிந்தது. தொடர்ந்து அடியிலிருந்து டக் டக் என்று ஓசை. அப்பா உடனே வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தார். வந்தவர்களை வேறு வேனில் ஏற்றி அனுப்பினார். அப்படி நிறுத்தியதால் பிளாக் தப்பியது. ஆனால் சீசன் தப்பவில்லை. பிரித்துப் பூட்டி வண்டி மறுபடி சாலைக்கு வந்தபோது அருவியில் கூட்டம் குறைந்துவிட்டது. வட்டி மட்டும் குறையவில்லை.

இரண்டாம் முறை என்ஜினைப் பிரித்தவர் வயதான மெக்கானிக் ஒருவர். அப்பா அவரை அண்ணாச்சி என்று அழைப்பார். அவர் கிராங்கைத் துடைத்து மேசையில் வைத்து, எண்ணெய் பூசிய மரப்பெட்டியிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். பார்த்ததும் எனக்கு வியப்பு. நாங்கள் பள்ளியில் கம்பியின் விட்டத்தை அளந்த அதே திருகு அளவி, சற்றுப் பெரிய உருவில்! புரிக்கோல் அளவு, தலைக்கோல் ஒன்றிப்பு, மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர், சுழிப்பிழை எல்லாம் அதுவே. அவருக்குக் கண் மங்கியிருந்தது. நான் படித்துச் சொன்னேன்; அவர் சுவரில் கரிக்கட்டியால் எழுதினார். நான்கு அச்சுகளுள் ஒன்றில் ஒரு திசைக்கும் மறு திசைக்கும் 0.08 மில்லிமீட்டர் வேறுபாடு. நீள்வட்டமாய்த் தேய்ந்த அச்சில் புதிய ஓட்டைப் போட்டால் என்ன பயன்? ஒரு திசையில் இறுக்கம், மறு திசையில் தொய்வு. முன்பு செய்தவர்கள் அளந்தே பார்க்கவில்லை என்பது தெரிந்துவிட்டது. அளக்க வேண்டியது அரை மணி நேரம். இழந்தது ஓர் ஆண்டு வருமானம்.

அந்த நாள்களில்தான் வீட்டில் என் படிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கடன் ஏறிவிட்டது, பையன் வேனில் ஏறட்டும் அல்லது பட்டறைக்குப் போகட்டும் என்றார் பெரியப்பா. அவர் எனக்குத் தீங்கு நினைப்பவர் அல்லர். தம்பி குடும்பம் கடனில் மூழ்குவதைப் பார்க்கப் பொறாதவர். அவர் காட்டிய சான்று ஜி.டி.நாயுடு. பள்ளிக்கூடம் போகாமலே அவர் பெரிய ஆள் ஆகவில்லையா, கல்லூரிக்குப் போனவன் எல்லாம் வேலையில்லாமல் திரியவில்லையா என்பது அவர் வாதம். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. அப்பா இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் அம்மாவின் கம்மலை அடகு வைத்து என்னைக் கல்லூரியில் சேர்த்தார். அந்த வாதத்துக்கு விடை தேடித்தான் நாயுடுவின் வரலாற்றை நான் படிக்கத் தொடங்கினேன்.

செய்து காட்டிய செம்மல்

படிக்கப் படிக்க வியப்பு மிகுந்தது. 1937ஆம் ஆண்டு கோவை பீளமேட்டில் நாயுடுவின் ஆலையிலிருந்து இந்தியாவின் முதல் மின் மோட்டார் வெளிவந்தது. அதை உருவாக்குவதில் பெரும் பங்கு கொண்டவர் டி.பாலசுந்தரம் நாயுடு, பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவியவர். இன்று கோவை என்றாலே மோட்டாரும் பம்புசெட்டும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? நம் பகுதி வயல்களில் கிணற்று நீரை இறைப்பவற்றுள் கோவை மோட்டார்கள் எத்தனையோ! அம்மரத்தின் ஆணிவேர்களுள் ஒன்று அந்த மோட்டார்.

உலர் மின்கலத்தில் ஓடும் சிறிய மோட்டார் கொண்ட சவரக் கருவி ஒன்றை அவர் வடிவமைத்தார். ரசாந்த் என்னும் பெயரில் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் அது செய்யப்பட்டது. மிக மெல்லிய சவர அலகு, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, படக் கருவியில் தொலைவைச் சரிசெய்யும் அமைப்பு, முறைகேடு செய்ய இயலாத வாக்குப் பதிவுப் பொறி என்று அவர் செய்தவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். 1941ஆம் ஆண்டு ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். 1952ஆம் ஆண்டு இருவர் அமரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் செய்ய முனைந்தார். அரசின் உரிமம் கிடைக்காமையால் அம்முயற்சி நின்றுபோயிற்று. ஏழை எளியவரும் காரில் செல்லும் நாள் அதனால் எத்தனை ஆண்டுகள் தள்ளிப் போயிற்றோ என்று எண்ணும்போது நெஞ்சம் வருந்துகிறது.

படம் எடுப்பதிலும் அவருக்குப் பேரார்வம். 1936ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கருவியால் படம்பிடித்தார். வேளாண்மையிலும் பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் ஆய்வுகள் செய்தார். தொட்ட துறை எதிலும் அவர் முதலில் செய்தது ஒன்றே: கூர்ந்து நோக்குதல், பிரித்தல், அளத்தல், மீண்டும் பூட்டுதல். மோட்டார் சைக்கிளில் கற்ற பாடம் அவரை விட்டு நீங்கவே இல்லை.

கல்வி பற்றிய கருத்து

இப்போது பெரியப்பாவின் வாதத்துக்கு வருகிறேன். படிப்பு வேண்டா என்று நினைத்தவரா நாயுடு? 1944ஆம் ஆண்டு அவர் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்புகளிலிருந்து விலகி, செல்வத்தை அறப்பணிகளுக்குத் திருப்பினார். 1945ஆம் ஆண்டளவில் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியற் கல்லூரியும் எழுந்தன. அவற்றுக்கு நன்கொடை அளித்து வழி கோலியவர் நாயுடு. அந்தப் பொறியியற் கல்லூரிதான் இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக, ஜி.சி.டி. என்னும் பெயரோடு தமிழகத்தின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாகத் திகழ்கிறது. பள்ளியை விட்டவர் கல்லூரியைக் கட்டினார் என்பதைக் கதை சொல்வோர் ஏனோ சொல்வதில்லை.

அவருடைய குறை வேறு. நான்காண்டுப் பொறியியல் படிப்பு நீளமானது, ஏட்டளவில் நிற்கிறது, கையால் செய்து கற்றால் இரண்டே ஆண்டில் கற்கலாம் என்பது அவர் கொள்கை. கல்லூரியின் பொறுப்பை ஏற்று அவ்வாறு நடத்தவும் விரும்பினார். அரசு அதற்கு இசையவில்லை. அவர் பொறுப்பைத் துறந்தார். இதில் எப்பக்கம் நியாயம் என்று இன்றும் வாதிடலாம். அடிப்படைக் கணிதமும் இயற்பியலும் ஊறுவதற்குக் காலம் வேண்டும் என்பது எங்கள் பேராசிரியர்களின் கருத்து. அதில் எனக்கும் உடன்பாடே. ரெனால்ட்ஸின் சமன்பாட்டைப் பட்டறையில் நின்றுகொண்டே கண்டுபிடிக்க இயலாது. ஆனால் டவர் தம் பேரிங்கில் துளை இடாமல் இருந்திருந்தால் ரெனால்ட்ஸுக்கு வேலையே இருந்திராது. துளையிட்ட கையும் கணக்கிட்ட மூளையும் சேர்ந்தே எண்ணெய்ப் படலத்தைக் கண்டன. நாயுடு வேண்டியது இச்சேர்க்கையைத்தான் என்று நான் துணிகிறேன்.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது. நாயுடுவைப் போல் பள்ளியை விட்டவர் அக்காலத்தில் இலட்சக்கணக்கானோர். அவருள் நாயுடு ஒருவரே நாயுடு ஆனார். ஆகவே பள்ளியை விட்டதால் உயர்ந்தார் என்பது பிழையான கணக்கு. பள்ளியை விட்ட பின்னும் கற்பதை விடாததால் உயர்ந்தார் என்பதே சரியான கணக்கு. கற்பதற்கு அவர் 300 ரூபாயையும் எத்தனையோ நாள் உழைப்பையும் கட்டணமாகக் கட்டினார். எங்களைப் போன்ற குடும்பங்களில் அக்கட்டணம் கம்மலாகவும் கடனாகவும் கட்டப்படுகிறது. இதைப் பெரியப்பாவிடம் சென்ற பொங்கலன்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் முழுதும் ஏற்றார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தம் மகனைப் பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவில் சேர்த்திருக்கிறார்.

நிறைவாக

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், எண்பது வயது நிறைந்த நிலையில் நாயுடு மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் அமைந்த தொழிற் கண்காட்சி அவர் சேர்த்த கருவிகளையும் பொறிகளையும் காத்து வருகிறது. அதை ஒட்டிப் பழைய கார்களின் அருங்காட்சியகம் ஒன்று 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதே சாலையில் பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்த மேம்பாலத்துக்கு 2025ஆம் ஆண்டு அவர் பெயரே சூட்டப்பட்டது. சுற்றுலா செல்வோர் ஊட்டிக்குப் போகும் வழியில் அரை நாள் அங்கே செலவிட்டால் நன்று. நம் துறையும் அவ்வாறு ஒரு கல்விச் சுற்றுலாவுக்கு ஆவன செய்ய வேண்டுமென்று பேராசிரியப் பெருமக்களைப் பணிவோடு வேண்டுகிறேன்.

நண்பர்களே! நம்மில் பலர் லேத் பட்டறை, தறி, செங்கல் சூளை, வாடகை வண்டி, வயல் என்று கைத்தொழில் வீடுகளிலிருந்து வந்தவர்கள். கல்லூரிக்கு வந்ததும் அத்தொழிலை மறைத்துப் பேசும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது வேண்டா. நம் செய்முறை அறையில் திருகு அளவியும் வெர்னியர் அளவியும் பதிவேட்டை நிரப்பி மதிப்பெண் வாங்க மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. ஒரு அளவீட்டுக்கு ஐந்து முறை அளந்து சராசரி காண்க என்று நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அந்தப் பொறுமை ஒரு குடும்பத்தின் ஓர் ஆண்டுச் சோற்றைக் காக்கும். இப்போது எங்கள் வேன் நிலையத்தில் யாரேனும் என்ஜினைப் பிரித்தால், பூட்டுவதற்கு முன் அளவு பார்க்க என்னையும் கூட்டிச் செல்கிறார்கள். அண்ணாச்சி அந்தப் பழைய மைக்ரோமீட்டரை எனக்கே தந்துவிட்டார். சென்ற சீசனில் அப்படி மூன்று என்ஜின்களை அளந்தோம். மூன்றும் ஆடி முடியும்வரை நிற்காமல் ஓடின.

நாயுடுவைப் போற்ற நினைப்போர் அவருக்கு மாலை சூட்டுவதோடு நிற்க வேண்டா. பூட்டுமுன் அளந்து பார்க்கும் பழக்கத்தை அவரவர் வீட்டுத் தொழிலில் புகுத்தினால் போதும். அப்பணியைச் செய்ய இயற்பியல் பயிலும் நம்மைக் காட்டிலும் பொருத்தமானவர் வேறு யார்?